ஹௌராப் பாலத்தின் டெண்டர்

டெண்டர் என்ற சொல்லைக் கேட்டாலே கதை வாசகர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கென்னவோ அதில் ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் இருப்பதாகப் படுகிறது.

புதுச்சேரிக்காரர்களான எங்களுக்குப் பாலம் என்றால் கடலுக்குள் நீண்டு நின்ற இரும்புப் பாலந்தான். 1866-இல் கட்டியது, 1952 புயலில் போயிற்று. ஆனால் அது அக்கரை இல்லாத பாலம். இரு கரையையும் சேர்த்த பாலத்தின் கதைக்குக் கல்கத்தாவுக்குத்தான் போகவேண்டும். அங்கும் நமக்கு ஓர் உறவு உண்டு. ஹூக்ளியின் மேற்கரையிலுள்ள சந்திரநாகூர், 1950 வரை புதுச்சேரி கவர்னருக்குக் கட்டுப்பட்ட ஊர். அங்கே ரயிலேறியவன் ஹௌராவில் இறங்கி, பாலத்தைக் கடந்தால்தான் கல்கத்தா.

முதலில் இருந்தது 1874-இல் பிராட்போர்டு லெஸ்லி அமைத்த மிதவைப் பாலம். 1,528 அடி நீளம். வேலை முடியுமுன்பே, அவ்வருஷத்து மார்ச்சுப் புயலில் ‘எஜீரியா’ என்ற கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதி மூன்று மிதவைகளை மூழ்கடித்தது. கப்பல்களுக்கு வழிவிட நடுவே 200 அடியைக் கழற்றி விலக்குவார்கள். அதுவரை மாட்டு வண்டிக்காரனும் கோச்சில் வந்த துரையும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியதுதான். சமத்துவத்துக்கு அந்த 200 அடி செய்த தொண்டு கொஞ்சமல்ல!

புதுப் பாலத்துக்காக 1921-இல் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. பிறகு சட்டம், மறு கமிட்டி, சட்டத்துக்குத் திருத்தம். முதல் கமிட்டி கூடிய அன்று பிறந்த குழந்தைக்கு, வேலை தொடங்கிய 1936-இல் மீசை அரும்பியிருக்கும். தாமதத்துக்கு நியாயமும் இருந்தது. ஆற்றின் நடுவே தூண் நிறுத்தினால் மணல் மேடிட்டுத் துறைமுகம் கெடும் என்ற பயம். ஆகவே, கரையோரத்தில் இரண்டு கோபுரங்கள். இடையே தூணில்லாமல் 1,500 அடி.

ரெண்டல், பால்மர், டிரிட்டன் கம்பெனி திட்டம் வகுத்தது. உலகமெங்கும் டெண்டர் கேட்டார்கள். எல்லோரிலும் குறைந்த தொகை குறித்தது ஒரு ஜெர்மன் கம்பெனி. ஆனால் அது 1935, ஜெர்மனியில் ஹிட்லர். வேலை பிரெய்த்வெயிட், பர்ன், ஜெஸப் என்ற கல்கத்தாக் கூட்டுக்குப் போயிற்று. குறைந்த தொகைக்காரனை ஒதுக்குவது டெண்டர் தர்மத்துக்கு விரோதந்தான். ஆயினும், ஒப்புக்கொண்டிருந்தால்? 1939-இல் பாதிப் பாலம் பகைவன் கையில் அல்லவா நின்றிருக்கும்? சண்டை வந்தபின் சீமை இரும்பை நம்புவதற்கில்லை. மொத்தம் 26,500 டன் எஃகில் 23,000 டன்னைக் கொடுத்தது ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலை. உருக்கியதும் இங்கே, அறுத்துத் துளையிட்டதும் இங்கே. லெஸ்லியின் பாலமோ துண்டு துண்டாக இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது.

1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. அதனால் 1943 பிப்ரவரி 3-ஆம் தேதி நடந்த திறப்பில் மேளமில்லை, மாலையில்லை, பிரசங்கமில்லை. இரவில் ஒற்றை டிராம் ஒன்று பாலத்தைக் கடந்து சென்றது. பளு தாங்காதென்று 1993-இல் பாலத்தின்மேல் டிராமை நிறுத்திவிட்டார்கள்.