அந்தலூசியத் தோட்டமும் அடுக்களை ஜாடியும்

அந்தலூசியா என்றதும் நம் நினைவுக்கு வருவன குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களும் கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையுமே. அந்நாட்டை ஆண்ட மன்னர்களைப் பற்றியும் அங்கு நிகழ்ந்த போர்களைப் பற்றியும் நூல்கள் பலவுண்டு. ஆனால், அந்நாட்டு மக்கள் தங்கள் தோட்டங்களில் எதைப் பயிரிட்டனர், விளைந்ததைக் குளிர்காலத்துக்கென எவ்வாறு சேமித்தனர் என்று வினவுவோர் அரியர். இவ்வினாவை அந்தலூசிய அறிஞர் பெருமக்கள் அற்பமென எண்ணினாரில்லை. இதற்கெனத் தனி நூல்களையே இயற்றினர்.

அவர்களுள் முதலிற் கூறத்தக்கவர் இப்னு பஸ்ஸால். தொலைத்தோ நகரை ஆண்ட அல்மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றியவர். ஹஜ்ஜுப் பயணம் சென்று மீண்டவர். ஹிஜ்ரி 478இல், அதாவது கி.பி. 1085இல், தொலைத்தோ ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்கு மாறவே, இஷ்பீலியா என்னும் செவில் நகரை அடைந்து அல்முஃதமிதின் தோட்டத்தில் பணியைத் தொடர்ந்தார். அவருடைய நூல் பதினாறு பாடங்கள் கொண்டது. மண்ணைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. எருவின் வகைகளை ஆராய்கிறது. வெள்ளரி, சுரை, கத்தரி, கீரை, வெங்காயம், முள்ளங்கி முதலியவற்றுக்குப் பாத்தி கட்டும் முறையை விளக்குகிறது. முன்னோர் நூல்களை மேற்கோள் காட்டாமல், தம் கைப்பழக்கத்தையே அவர் ஆதாரமாகக் கொண்டார் என்பது கருதத்தக்கது.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் அதே இஷ்பீலியாவில் வாழ்ந்தவர் இப்னுல் அவ்வாம். அவரது ‘கிதாபுல் ஃபிலாஹா’ 585 தாவரங்களைப் பற்றிப் பேசும் பெருநூல். ஹதீஸ் கலை பயின்ற நம் போன்றோருக்கு இந்நூலின் போக்கு வியப்பளிக்கும். எந்தக் கருத்து எவருடையது என்று பெயர் சுட்டி உரைப்பார். தமது சொந்தக் கூற்றாயின், பலமுறை சோதித்து மெய்யெனக் கண்டதையன்றி எழுதமாட்டார்.

விளைச்சலைப் பாதுகாப்பதற்கும் அந்நூலில் இடமுண்டு. இக்கலையின் அடிப்படை எளியது. அடிபட்ட பழம் தான் அழுகுவதோடு அண்டையிலிருப்பதையும் அழிக்கும். ஆதலின் காயம் படாமற் கையாற் பறித்தல் வேண்டும். ஈரம் கேட்டுக்கு வழி. ஆதலின் அத்தியும் திராட்சையும் வெயிலில் உலர்த்தப்பட்டன. உலர்த்த இயலாதவை உப்பிலும் காடியிலும் ஊறின. பச்சை ஸைத்தூன் காய் நாவில் வைக்க முடியாத கசப்புடையது. அதனைக் கீறியோ நசுக்கியோ நீரிலிட்டு, நீரைப் பன்முறை மாற்றிக் கசப்பகற்றிய பின்னரே உப்புநீரில் இடுவர். சில நாட்களில் வீணாகியிருக்க வேண்டியது பல மாதங்களுக்கு உணவாயிற்று.

தோட்டத்திலிருந்து அடுக்களைக்கு நம்மை அழைத்துச் செல்பவர் இப்னு ரஸீன் அத்துஜீபி. முர்சியாவிற் பிறந்த இவர், அந்நகர் காஸ்தில் அரசின் பிடிக்குள் வந்தபின் கடல் கடந்து, இறுதியில் தூனிஸில் குடியமர்ந்தார். அங்கே கி.பி. 13ஆம் நூற்றாண்டில் ‘ஃபளாலத்துல் கிவான்’ என்னும் சமையல் நூலை எழுதினார். ஸைத்தூனைப் பதப்படுத்துதல், எலுமிச்சையை உப்பிலிடுதல், கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் காடியில் ஊறவைத்தல் ஆகியவற்றை ஒரு பகுதியில் தொகுத்துள்ளார். ஊரையும் தோட்டத்தையும் இழந்த ஒருவர் ஊறுகாய் முறையைக் கருத்தூன்றி எழுதுவானேன்? இழந்த நிலம் மீளாவிடினும் அதன் சுவையேனும் மாளாதிருக்கட்டும் என்று அவர் கருதியிருப்பார் போலும்!

அவர் அஞ்சியது வீணன்று. கி.பி. 1248இல் இஷ்பீலியாவும் 1492இல் கர்னாத்தாவும் வீழ்ந்தன. 1609 முதல் 1614 வரை, கட்டாயத்தாற் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் இலட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்டனர். ஆயினும் மொழியை யாரால் நாடு கடத்த முடியும்? ஸ்பானிய மக்கள் இன்றும் ஸைத்தூன் காயை ‘அஸெய்த்தூனா’ என்கின்றனர். அது அரபியின் ‘அஸ்ஸைத்தூனா’. காடியில் ஊறிய உணவு ‘எஸ்கபெச்சே’. அது பாரசீகம் வழி வந்த ‘சிக்பாஜ்’. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகு ‘அர்ரோப்பே’, அது ‘அர்ருப்பு’. வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் ‘அஸேக்கியா’, அது ‘அஸ்ஸாகியா’.

வெளியேற்றம் முடிந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதற்குள், 1802இல், இப்னுல் அவ்வாமின் நூல் மத்ரிதில் அரபு மூலத்தோடும் ஸ்பானிய மொழிபெயர்ப்போடும் அச்சேறியது. உழவரை விரட்டிய நாடு அவ்வுழவரின் கிதாபைத் தேடி எடுக்க நேர்ந்தது! கர்னாத்தாவின் ஜன்னத்துல் அரீஃப் தோட்டத்தில், அல்ஹம்ரா மாளிகைக்குக் காய்கறி அளித்த பாத்திகளுட் சில இன்றும் பயிரிடப்பட்டு வருகின்றன.

இவ்வரலாறு நமக்கொரு கடமையை உணர்த்துகிறது. எலுமிச்சைக்கு உப்பு எவ்வளவு, மாங்காய்க்கு வெயில் எத்தனை நாள் என்பது நம் இல்லங்களிலுள்ள உம்மாமார்க்கும் பாட்டிமார்க்கும் கைப்பாடம். அது பெரும்பாலும் ஏட்டில் இல்லை, அவர்களோடு மறையக்கூடியது. இப்னு ரஸீன் ஊரை இழந்த பின் எழுதினார். நாம் இழக்குமுன்னரே, அவர்கள் அருகிலமர்ந்து கேட்டு எழுதிவைப்போமாக.