நாத்திகமும் ஒரு சமயமா?

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய காலமும், மலாயாத் தமிழரிடையே கடவுள் மறுப்புக் கருத்து வந்து சேர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த அம்மேட்டுநிலம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பார் அங்கே ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது, டிசம்பரில் ஈ. வெ. இராமசாமி பினாங்குத் துறையில் வந்திறங்கி, கேமரன் மலைக்கு மேற்கே சமவெளியிலுள்ள ஈப்போ நகரத்துத் தமிழர் மாநாட்டில் பேசினார்.

தமிழர் குடியேறிய தோட்டங்களில் லயத்து வீடுகளோடு மாரியம்மனுக்கோ முருகனுக்கோ ஒரு கோயில் எழுவது வழக்கம். கேமரன் மலையும் அதற்கு விலக்கன்று. கோயிலை அடுத்துப் பள்ளியும் எழுந்தது. போ, சுங்கை பாலாஸ் முதலிய தோட்டங்களின் பெயரால் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலேசியப் பள்ளிகள் அனைத்திலும் போலவே அங்கும் மாணவர் ஒன்றுகூடி நாட்டுக் கோட்பாடாகிய ருக்குன் நெகாராவை ஓதுகின்றனர். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அதன் ஐந்து கொள்கைகளுள் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். நன்னெறிக் கல்வியில் கற்பிக்கப்பட்டு வரும் பண்புகளின் வரிசையிலும் முதலில் நிற்பது இதுவே. அவ்வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையின் தந்தை பெரியார் வழியினராயின் அவர் எந்தச் சமயத்தவர்? சமயம் அற்றவரா, அன்றிக் கடவுள் இன்மையைச் சமயமாகக் கொண்டவரா? சொற்போர்க்கு மட்டும் உரிய வினாவன்று இது. விடையைப் பொறுத்து ஒருவர்க்குச் சட்டத்தின் காப்பு உண்டாதலும் இல்லையாதலும் கூடும்.

முதற்கண் சொற்களை நோக்குதல் தகும். ‘மதம்’ என்னும் சொல் இன்று கடவுள், கோயில், சடங்கு என்பவற்றை நினைவூட்டுகிறது. ஆனால் நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர் அச்சொல்லுக்கு வேறு பொருள் கூறுவர். பவணந்தியார் நூலாசிரியர்க்குரிய மதம் எழுவகை என வகுத்தார். பிறர் கொள்கைக்கு உடன்படுதல் முதல் மதம்; மறுத்தல் இரண்டாம் மதம். பிறர் நூலில் குற்றம் காட்டலும் அவ்வேழனுள் ஒன்று. ஈண்டு மதம் என்றது கொள்கை என்னும் பொருட்டு. அவ்வளவில், மறுத்தலும் ஒரு மதமே. நாத்திகரை மதமற்றவர் என்று இகழ்வோரும், தம்மை மதமற்றவர் என்று கூறிப் பெருமிதம் கொள்ளும் நாத்திகரும் நன்னூற் பாயிரத்தை மறந்தவராவர்.

சமயம் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையுடையது. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதை, வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு சமயக் கணக்கர் பலரையும் கண்டு அவரவர் திறம் கேட்டதைக் கூறுவது. சைவவாதியும் வைணவவாதியும் வேதவாதியும் நிகண்டவாதியும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் அந்த வரிசையில் இறுதியாக நிற்பவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவழிக் கள்ளின் களிப்புத் தோன்றுதல்போலப் பூதங்களின் கூட்டத்தால் உணர்வு தோன்றுகிறது என்றும், கண்கூடாகக் காண்பதே அளவை என்றும், மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்றும் அவன் சாதிக்கிறான். அவன் கூற்றைக் கேட்டு மணிமேகலை நகைக்கிறாள். தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி எங்ஙனம் அறிவாய் என்று மடக்குகிறாள். நகைத்தாளேயன்றி, ‘நீ சமயக் கணக்கன் அல்லை’ என்று அவனை அவையினின்று விலக்கினாள் அல்லள்.

அதே காதையில், அளவைவாதி கூறும் சமயங்களின் பட்டியலில் உலோகாயதம் முதலில் வைக்கப்பட்டுள்ளது. பௌத்தத்துக்கும் சாங்கியத்துக்கும் முன்னே அது நிற்கிறது. அதற்குப் பிருகற்பதி என்னும் ‘சமய ஆசிரியர்’ ஒருவரும் சுட்டப்படுகிறார். கடவுளையும் உயிரையும் மறுமையையும் ஒருங்கே மறுத்த கொள்கைக்குத் தமிழ்க் காப்பியம் கொடுத்த பெயர் சமயமே என்பது இதனால் தெளிவு. மற்றொன்றும் கருதத்தக்கது. படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தைச் சார்ந்தவள் மணிமேகலை. வேதத்தை இகழ்வோனே நாத்திகன் என்னும் மனுநூல் வழக்கால் நோக்கின் அவளும் நாத்திகையே. ஒரு நாத்திகை மற்றொரு நாத்திகனை நோக்கி நகைத்த காட்சி அது!

பின்வந்த நூல்களும் இம்மரபையே பின்பற்றின. சமண நூலாகிய நீலகேசி பூதவாதத்துக்கு ஒரு சருக்கம் ஒதுக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிறர் மதங்களை மறுக்கப் புகுந்தபோது, முதன்முதல் எடுத்துக்கொண்டது உலோகாயதன் மதமே. ஈசுவரனை ஏற்காத நிரீச்சுர சாங்கியனும் அவ்வரிசையில் உளன். சைவ நூலார் உலோகாயதத்தைப் புறப்புறச் சமயம் என்று தொலைவில் நிறுத்தினர். எனினும் சமயம் என்னும் பெயரை மறுத்திலர். ஒரு கொள்கையை முறையாக மறுக்கவேண்டுமாயின் அதற்கு முதலில் ஓர் இருக்கை கொடுத்தாக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வினாவைச் சிக்கலாக்கியது பிற்காலத்து எழுத்தர் கையிலிருந்த படிவமே எனலாம். குடிக்கணக்கிலும் திருமணப் பதிவிலும் மதம் என்று ஒரு கட்டம் இடப்பட்டது. கட்டத்தை நிரப்பவேண்டியவர் கொள்கையைக் கூறவில்லை; பிறந்த கூட்டத்தைக் கூறினார். அன்றுமுதல் மதம் என்பது கருத்தைக் குறியாது ஆட்தொகையைக் குறிப்பதாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவைச் சுயமரியாதைத் திருமணங்களின் வரலாற்றில் காணலாம். புரோகிதரும் தீவலமும் இன்றி நடந்த அத்தகைய திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான இணையரின் திருமணமும், அவர்தம் மக்களின் சொத்துரிமையும் ஐயத்துக்கு இடமாயின. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த சட்டமே அவற்றை உறுதி செய்தது. ஆயின் அஃது இந்துத் திருமணச் சட்டத்தில் செருகப்பட்ட ஒரு பிரிவு; இரண்டு இந்துக்களுக்கிடையே நிகழும் திருமணத்துக்கே உரியது. கடவுளை மறுத்து மணந்த நாத்திகர், தம் மணம் செல்லுபடியாவதற்கு இந்துவாக நிற்க வேண்டியதாயிற்று. மலேசியாவில் நிலைமை எளிதாயிற்று. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கென இயற்றப்பட்டு 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் பதிவையே வேண்டுகிறது. மணமக்களின் கடவுட் கொள்கையை ஆராய்வதில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வியக்கம் வெறும் மறுப்போடு நின்றதில்லை. 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் தீமிதி, அலகுக் காவடி முதலியவற்றை எதிர்த்தது. சடங்கு நீக்கிய திருமணத்தைப் பரப்பியது. அச்சங்கத்தின் வழியே 1935இல் தமிழ் முரசு தோன்றியது. அவ்விதழை நடத்திய கோ. சாரங்கபாணி 1952இல் தைப்பொங்கல் நாளைத் தமிழர் திருநாளாக்கினார். இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் கடவுள் மறுப்பாளரும் தமிழர் என்னும் ஒரே பெயரால் கூடுவதற்கு ஏற்ற விழா அது. மணமுறை உண்டு, விழா உண்டு, கொள்கைப் பெயரிடும் வழக்கம் உண்டு. இவையெல்லாம் உள்ளதை மதம் என்று ஏன் கூறலாகாது என்று வினவுவோர் உளர். பெரியார் சிலைக்கு மாலை சூட்டுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். மாலை சூட்டிய இடமெல்லாம் மதமென்றால் தேர்தலில் வென்றவரெல்லாம் தெய்வமாவர்! சிலை முன் நிற்பவர் மழையும் மகப்பேறும் வேண்டி நிற்கவில்லை. வழிபாடு வேறு, நன்றி வேறு.

பெரியார் தாமே இவ்வினாவை நேர்முகமாகச் சந்தித்ததுண்டு. 1954 டிசம்பரில் இரங்கூனில் உலக பௌத்த மாநாடு நடந்தபோது, அம்பேத்கர் அவரைப் பௌத்தத்தில் சேருமாறு அழைத்தார். கடவுள் இல்லாத சமயம் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் காத்திருந்தது, அவர் ஏற்கவில்லை. உள்ளேயிருந்து கண்டிக்கும் உரிமை வெளியேறினால் போய்விடும் என்பது அவர் பின்னர்க் கூறிய காரணம். பர்மாவிலிருந்து அவர் இரண்டாம் முறையாக மலாயாவுக்கு வந்தார். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இருவருள் ஒருவர்க்குச் சமயம் வேண்டியிருந்தது. மற்றவர்க்கு மறுக்கும் இடம் வேண்டியிருந்தது.

இனி மலேசியாவின் நிலையை நோக்கலாம். அரசியலமைப்பின் 11ஆம் விதி ஒவ்வொருவரும் தம் சமயத்தை மேற்கொண்டு ஒழுகும் உரிமையை வழங்குகிறது. 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடி எடுத்துக்கொண்ட ஒளிப்படம் பரவிப் பெரும் பூசல் எழுந்தது. நவம்பரில் பிரதமர் துறைத் துணை அமைச்சர் ஒருவர், சமய உரிமை என்பது சமயம் இன்றி வாழும் உரிமை ஆகாது என்னும் கருத்தை நாடாளுமன்றத்தில் உரைத்தார்; ருக்குன் நெகாராவின் முதற் கொள்கையையும் சான்று காட்டினார். இவ்வாதத்தை ஏற்பின், நாத்திகம் சமயமாயின் 11ஆம் விதியின் காப்பு அதற்கு உண்டு. சமயம் அன்றாயின் இல்லை. வஞ்சியின் பூதவாதிக்குக் கிடைத்த இருக்கை இங்கே ஐயத்துக்குரியதாகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையை விளக்கிய ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நாத்திகக் கொள்கைக்கும் எச்சமயமும் சாராமைக்கும் காப்பு உண்டு என 1993இல் தெளிவுபடுத்தியது. ஆனால் மலேசியா அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை.

இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ‘ஏனைய சமயங்களும் கொள்கைகளும்’ என்னும் தலைப்பின்கீழ் நாத்திகரையும் எண்ணியது. கிடைத்த தொகை ஏறத்தாழ 33,000. சுயமரியாதை இயக்கம் வேரூன்றிய தமிழ்நாட்டை அறிந்தவர் எவரும் இவ்வெண்ணை நம்பமாட்டார். பெரியார் வழியினருட் பலர் கணக்கெடுப்போரிடம் இந்து என்றே கூறியிருத்தல் வேண்டும். இடஒதுக்கீடும் சொத்துரிமையும் அக்கட்டத்தோடு பிணைந்துள்ளன. மதத்தை வெளியிடுமாறு அரசு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என மும்பை உயர்நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதியும் மதமும் அற்றவர் என்னும் சான்றிதழைப் பெற்றார். அதனைப் பெற அவர் பல ஆண்டுகள் முயல வேண்டியிருந்தது.

பழந்தமிழ்ப் பொருளில் நாத்திகம் ஐயமின்றிச் சமயமே. படிவத்தின் பொருளில் அது மதமன்று; ஆகவும் வேண்டியதில்லை. அதனை மதமென்று கூறி அணைப்பவரும், மதமன்று என்று கூறி உரிமை மறுப்பவரும் படிவத்தின் பொருளையே பற்றிநிற்பவர். கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாட்டவர் பலர். அவரவர் கடவுச்சீட்டோடு அவரவர் மதமும் அங்கே வந்துள்ளது. எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோ, பள்ளிப் படிவத்தில் சமயம் என்னும் கட்டத்தைத் தந்தையைக் கேட்டு நிரப்புகின்றனர்.