பின்னச்சு டிஃபரன்ஷியல்: மட்டாஞ்சேரிச் சரக்கு வண்டிகளில் பராமரிப்பு

பின்னச்சு டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. பட்டறையில் இதன் பெயர் ‘கிரவுன்’. பிரான்ஸின் கடிகார வினைஞர் ஒனெசிஃபோர் பெக்கர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். கொச்சி மட்டாஞ்சேரியின் குறுகிய பஜார் ரோட்டில் நிற்கும் மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா ஏஸ் (2005), அசோக் லேலண்ட் தோஸ்த் (2011) ஆகிய மூன்றிலும் இது பின்னச்சின் நடுவே தொப்பை போலத் தெரியும்.

புரொபெல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள டெயில் பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. பினியனில் 9 பல்லும் கிரவுனில் 41 பல்லும் இருந்தால், ஷாஃப்ட் ஏறத்தாழ நாலரைச் சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைந்து இழுவை கூடும். கிரவுனோடு சுழலும் கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களுக்கு நேர்ச்சாலையில் தம் அச்சில் சுழலும் வேலை இல்லை. வளைவில்தான் அவை தம் அச்சில் சுழல்கின்றன. எனவே போடிமெட்டு மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டையோடு வரும் வண்டியும், கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பின்சக்கரங்களில் ஒன்று புது டயர், மற்றது மொட்டை டயர் என்று ஓட்டினால் நேர்ச்சாலையிலும் ஸ்டார் பினியன் ஓயாமல் சுழன்று தேயும்.

மட்டாஞ்சேரியில் இதன் முதல் எதிரி கிலோமீட்டர் அல்ல, தண்ணீர். மலையாளிகள் வேலியேற்றம் என்பதும் பழந்தமிழ் ஓதம் என்பதும் ஒன்றே: கடலின் நீரேற்றம். அது உயரும் நாளில் மழையே இல்லாமலும் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் உப்புநீர் ஏறும். ஓடிச் சூடான கிரவுன் கூடு அந்நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. கூட்டின் மேலுள்ள பிரீதர் என்னும் சிறு மூச்சுக்குழல் வெளிக்காற்றை உள்ளே விட்டு அதைச் சமன்செய்ய வேண்டும். சேறு அடைத்த பிரீதரால் அது முடியாது. கூடு ஆயில் சீலின் உதட்டு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரே மூழ்கினால் அதன் வழியாகவே நீர் புகும். நீர் கலந்த எண்ணெய் பல்லுக்கும் பேரிங்குக்கும் இடையே படலமாக நிற்காது. உப்பு சேர்ந்தால் பேரிங்கில் துருப்புள்ளி விழும். பிரீதருக்கு ரப்பர்க் குழாய் மாட்டிச் சேஸிஸ் உயரத்துக்குக் கொண்டுபோவது மலிவான, பலன் தரும் ஏற்பாடு. எண்ணெய் மாற்றும் கெடு வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் அச்சு மூழ்க ஓடிய வண்டியில் கைப்புத்தகத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே எண்ணெயைச் சோதிப்பதுதான் சரி.

சோதனைக்கு வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது மேலுள்ள ஃபில்லர் பிளக். உப்புக்காற்றில் அது துருவேறி இறுகியிருக்கலாம்; கீழே வடித்துவிட்டுப் பிறகு மேலே திறக்க முடியாமல் நிற்பது இங்கே வழக்கமான கூத்து. விரலை விட்டால் துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் தட்டுப்பட வேண்டும். பால்காப்பி நிறம் வந்தால் நீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிற மாவு படிவது இயல்பு. நகத்தில் நெருடும் சில்லு இருந்தால் கூட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

இவ்வண்டிகளின் ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தை எஞ்சின் ஆயில் தாங்காது. கைப்புத்தகம் சொல்லும் தரத்தில், பெரும்பாலும் ஜிஎல்-5 வகை ‘90 ஆயில்’, ஊற்ற வேண்டும். மிஞ்சியதைக் கியர்பாக்ஸில் ஊற்றுவது தவறு. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் அங்குள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

ஆக்சிலேட்டர் மிதிக்கையில் எழுந்து, விட்டதும் அடங்கும் ஊளை பல் பொருத்தம் கெட்டதைக் காட்டும். மிதித்தாலும் விட்டாலும் மாறாத உறுமல் பேரிங்குடையது. திரும்பும்போது மட்டும் ‘கடக்’ என்றால் ஸ்டார் பினியன். வண்டி கிளம்பும்போது ஒரு தட்டு கேட்டால் உடனே கிரவுனைப் பிரிக்க வேண்டாம். பல நேரம் குற்றவாளி ஷாஃப்டின் மூட்டிலுள்ள கிராஸ்தான். பின்சக்கரப் பிரேக் டிரம்மிலிருந்து எண்ணெய் கசிந்தால் நிலைமை வேறு: பிரேக் ஷூ நனைந்து வண்டி ஒருபக்கம் இழுக்கும். அந்த வண்டியில் சுமை ஏற்றக் கூடாது.

கிரவுன் வீலும் டெயில் பினியனும் ஆலையிலேயே ஜோடியாக அரைத்து இணைக்கப்பட்டவை. பழைய இரும்புக் கடையில் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டால் சில மாதங்களில் இரண்டும் போகும்.

வடித்த எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. அதைக் கல்வத்திக் கால்வாயில் ஊற்றிவிட வேண்டாம்.