பேனாக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்

சென்ற மாதம் பேரனின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவனுடைய பென்சில் டப்பாவில் "ஆயுதம்" இருந்ததாம். போய்ப் பார்த்தால், நான் கொடுத்த பேனாக்கத்தி! கல்லங்குறிச்சித் திருவிழாக் கடையில் அப்பா எனக்கு வாங்கித் தந்தது. மீன் வடிவப் பித்தளைப் பிடி, விரல் நீளத் தகடு. விலை ஒன்றரை ரூபாய்.

பள்ளியின் மேல் குறையில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கத்தி வேண்டாம்தான். வீட்டில் கேட்காமல் கொடுத்தது என் தவறு. ஆனால் பேரன் திருடனைப் போலத் தலைகுனிந்து நின்றது மனதை உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "தாத்தா, இதுக்கு ஏன் பேனாக்கத்தின்னு பேரு? பேனாவுக்கு எதுக்குக் கத்தி?"

நல்ல கேள்வி. ஐரோப்பாவில் வாத்து இறகால் எழுதிய காலத்தில், இறகின் முனை அடிக்கடி மழுங்கும். அதைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் இது. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகள் எஃகு நிப்புகளை மலிவாகச் செய்து தள்ளின. இறகு போயிற்று, கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நம் ஊரிலும் அதற்கு ஒரு அண்ணன் உண்டு. ஓலையில் எழுதிய காலத்து எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுத, மறுமுனையில் கத்தி. பனையோலையின் ஈர்க்கை நீக்கி, ஓரத்தை ஒரே அகலமாக வாருவதற்கு அது வேண்டும். மடக்கெழுத்தாணியிலோ கத்தியையும் ஆணியையும் பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொள்ளலாம். என் மீன் கத்தியைப் போலவேதான்.

1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தம் பள்ளி நாட்களைப் பற்றி 'என் சரித்திரம்' நூலில் எழுதும்போது இந்த எழுத்தாணிகளையும் சொல்கிறார். அவர் இளமையில் தமிழ் கற்றது நம் பகுதியில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். அன்று இவையெல்லாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்.

"அப்போ அந்தக் காலத்துப் பிள்ளைங்க கத்தியோடதான் பள்ளிக்கூடம் போனாங்களா?" என்றான் பேரன்.

எல்லாரும் இல்லை. சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். ஓலைக்கு வந்தவர்களுக்குத்தான் எழுத்தாணி. ஆனால் ஓலையை வாரக் கத்தியில்லாமல் சுவடி ஏது? ஏடு ஏட்டாக வாரி, எழுதி, பழையது செல்லரிக்கும் முன் புதியதில் படியெடுத்து வைத்தார்கள். அப்படிப் பிழைத்து வந்த சுவடிகளைத்தான் பின்னாளில் ஐயர் ஊர் ஊராகத் தேடி அச்சேற்றினார்.

சட்டமும் இதைப் பெரிய ஆயுதமாக நினைக்கவில்லை. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கணக்கில் எடுத்தது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடுகளை. அதிலும் வீட்டு வேலைக்கும் உழவுக்கும் உள்ளவை விலக்கு.

என் கத்தி செய்ததெல்லாம் பென்சில் சீவியது, வேப்பங்குச்சி நறுக்கியது, சின்ன வெங்காய மூட்டையின் சணலை அறுத்தது. எவர்சில்வர் அல்ல, பழைய இரும்பு. ஈரத்தில் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி, அம்மி ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி கூர்.

இப்போது அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாலையில் பேரன் பென்சிலோடு வருவான். என் எதிரில் உட்கார்ந்து, விரலை விலக்கி, வெளிப்பக்கமாகச் சீவப் பழகுகிறான். வருகிற சரஸ்வதி பூஜைக்கு அவன் புத்தகத்தோடு கத்தியையும் வைக்கப் போகிறோம். அன்று ஆயுத பூஜையும்தானே!