உடைந்த டைல்ஸும் ஒரு ரோடு இன்ஸ்பெக்டரும்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வட்டத் தொட்டி கட்டி, மோட்டார் வைத்து, தண்ணீர் கொட்டுகிற மாதிரி செய்ய எனக்கு ரொம்ப நாள் ஆசை. "தர்மபுரியில குடிக்கவே தண்ணிக்கு அலையறோம், உனக்கு அருவி கேக்குதா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான் :) அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த சிக்கல் டைல்ஸ். வளைவில் முழு டைல்ஸ் உட்காராது, உடைத்துத்தான் பதிக்க வேண்டும். இப்படி உடைசல்களை வைத்தே பெரிதாகச் செய்தவர் யாராவது உண்டா என்று தேடியபோது கிடைத்தவர்தான் நேக் சந்த்.

1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை விட்டு வந்து, சண்டிகரில் பொதுப்பணித் துறை ரோடு இன்ஸ்பெக்டர் ஆனார். லெ கார்புசியே திட்டம் போட்டுக் கொடுத்த அந்தப் புது நகரத்துக்காகப் பல கிராமங்களை இடித்துக் கொண்டிருந்த சமயம். எங்கு பார்த்தாலும் இடிபாடு. ஊரை இழந்து வந்தவர், ஊரை இழந்த மற்றவர்களின் ஓடுகளையும் உடைந்த பாத்திரங்களையும் சைக்கிளில் அள்ளி வருகிறார்... எனக்கு இந்த இடத்தில்தான் மனசு நின்றுவிட்டது.

1957இல் சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில், வேலை முடிந்த பிறகு யாருக்கும் தெரியாமல் கட்ட ஆரம்பித்தார். அது அரசு நிலம், எதுவும் கட்டக் கூடாத இடம். ஏறக்குறைய 18 வருடம் ரகசியம் காப்பாற்றப்பட்டது! அதிகாரிகள் கண்டுபிடித்தபோது 12 ஏக்கருக்குப் பரவியிருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவால் தப்பித்து, 1976இல் ராக் கார்டன் என்று திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். பெரிய அருவிகள் வந்தது அதற்குப் பிறகு. 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் காலமானார்.

அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சாலையை அகலப்படுத்த தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். இடிபாட்டில் கட்டியது மறுபடியும் இடிபாடு. பத்மஸ்ரீ கொடுத்த கை வேறு, புல்டோசர் அனுப்பிய கை வேறு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம தொட்டிக்கு வருவோம். செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீரை நிறுத்துவது டைல்ஸ் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் பூச்சு. வாட்டர் ப்ரூஃப் கலவை சேர்த்துப் பூசி, காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, நாலு நாள் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸில் கை வைக்கணும். நான் அவசரப்பட்டேன். இப்போது எல்லாவற்றையும் பெயர்த்து, மறுபடி பூசியாகிவிட்டது. பெயர்த்த துண்டுகள் ஒரு கோணிப்பை நிறைய இருக்கின்றன. அதைத் தூக்கிப்போடச் சொல்லி அம்மா தினமும் கேட்கிறார், நான் கொடுக்கவில்லை.