தாடியில் அரிப்பா? களிம்பு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தாடி வைத்திருப்போருக்கு உடற்பயிற்சியின்போது சுரக்கும் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உப்பும் எண்ணெய்ப்பசையும் முடியின் அடியில் தங்கி, அரிப்பையும் மயிர்க்கால் அழற்சியையும் தூண்டுகின்றன. பயிற்சி முடிந்ததும் மென்மையான ஃபேஸ்வாஷ் கொண்டு தோல் வரை கழுவி, சொந்தத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தாடி எண்ணெய் பூசுவதாக இருந்தால், அதன் பிறகே. பயிற்சிக்கு முன் வேண்டாம்.

வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஜிம்மில் பிறருடைய துண்டைப் பயன்படுத்தினாலும் இது தொற்றக்கூடும். இந்தியாவில் பலரும் மருந்துச் சீட்டு இன்றி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பையே இதற்குப் பூசுகின்றனர். ஆபத்து இங்குதான். சில நாள்களில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சையோ தொடர்ந்து பரவும். அடையாளங்கள் மறைவதால் மருத்துவருக்கும் நோயைக் கண்டறிவது கடினமாகிறது. தாடிப் பகுதியில் பூஞ்சை மயிர்க்காலுக்குள் இறங்கிவிட்டால் களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரைகளைப் பல வாரங்கள் உட்கொள்ள நேரிடும்.