ரஜூலாவில் அறை கிடைத்தவர்கள்

தீர்த்தமலை அடிவாரத்தில் வாழும் எங்களுக்குத் தண்ணீர் என்றால் பாறையில் வழியும் தீர்த்தம்தான். ஆயினும், சொகுசுக் கப்பலில் செல்லவிருக்கும் நண்பரொருவர் எந்த அறை நல்லதென்று என்னிடம் கேட்டார். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள் என்றேன். அலையில் கப்பலின் முனைகளும் மேல்தளங்களுமே அதிகம் ஆடும். சன்னல்வழி காட்சி வேண்டுமெனில் அந்த ஆட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் போனபின் நினைவு ‘ரஜூலா’வுக்குச் சென்றது. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு இடமிருந்தது. அறைகளில் சென்றோர் இருநூறு பேர்கூட இல்லை! ரப்பர்க் காட்டுக்குப் போன நம்மவர்களுக்குப் பாய் விரிக்கும் அகலமே அறை. அவர்களுக்கும் தேர்வு இருந்திருக்கும்: காற்று வரவேண்டும், சாரல் படக்கூடாது, கழிப்பறை வாடை எட்டக்கூடாது, பெட்டி கண்பார்வையில் இருக்கவேண்டும். முந்தி ஏறியவருக்கே அதுவும். மலேயாத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டத்தில் தொடங்குகிறார்கள். நானாக இருந்தால் இந்தப் பாயில் தொடங்குவேன்.

ரஜூலா எழுபதுகளில் உடைக்கப்பட்டது. அவ்வழியில் பின்னர் ஓடிய ‘எம்.வி.சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் மாண்டனர். அக்கப்பல் அதன்பின் பயணிகளை ஏற்றவில்லை.